"பாதியாகக் குறைந்தது" என்றால், எதில் பாதி?

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன தலைமுறைகளின் வீட்டில் வளர்ந்த ஒருவரிடம் போய், "இந்தத் தொழிலில் ஐம்பது சதவீத லாபம்" என்று சொல்லிப் பாருங்கள். "முதல் எவ்வளவு?" என்றுதான் உடனே கேட்பார். பத்து ரூபாய் போட்டு ஐந்து ரூபாய் எடுத்தாலும் ஐம்பது சதவீதம். பத்து லட்சம் போட்டு ஐந்து லட்சம் எடுத்தாலும் ஐம்பது சதவீதம். முதல் தெரியாத சதவீதத்தை நம்பிச் செட்டிநாட்டில் யாரும் பெட்டகத்தைத் திறந்ததில்லை.

அதே மனிதர் காலையில் முகப்பில் உட்கார்ந்து நாளிதழைப் பிரிக்கிறார். "இந்த மாத்திரையால் மாரடைப்பு அபாயம் 54 சதவீதம் குறைகிறது" என்று ஒரு செய்தி. அப்போது மட்டும் அந்தக் கேள்வி அவர் வாயில் வருவதில்லை. மருத்துவம் என்று வந்ததும் கணக்கை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் மருத்துவ ஆய்வுச் செய்திகளைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை அறிவு நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த 54 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அது பொய்யல்ல. 2008இல் வெளியான ஜூபிட்டர் என்ற பெரிய ஆய்வில் கிடைத்த எண். கெட்ட கொழுப்பு அதிகமில்லாத, இதய நோய் வந்திராத, ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஒரு புரதம் கூடுதலாக இருந்த 17,802 பேரைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் 8,901 பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரை, இன்னொரு 8,901 பேருக்கு அதே போலத் தோன்றும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 68 பேருக்கு மாரடைப்பு வந்திருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 31 பேருக்கு.

68 என்பது 31 ஆகிவிட்டது. 37 குறைவு; பாதிக்கும் மேல். 54 சதவீதம் என்பது இதுதான். இதை ஒப்பீட்டு அபாயக் குறைவு என்பார்கள். ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுச் சொல்வது.

இப்போது முதலைக் கேளுங்கள். 68 பேர் என்பது எத்தனை பேரில்? 8,901 பேரில். ஆயிரத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர். மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்றிலிருந்து நான்கு பேர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்துக்கு நாலு பேர். இதற்கு நேரடி அபாயக் குறைவு என்று பெயர். சதவீதமாகச் சொன்னால் 0.4 சதவீதம். நாளிதழ்த் தலைப்பில் "மாரடைப்பு அபாயம் 0.4 சதவீதம் குறைகிறது" என்று போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே ஆய்வு, ஒரே மனிதர்கள், ஒரே 37 மாரடைப்புகள்.

இதையே திருப்பிப் போட்டால் மூன்றாவது எண் ஒன்று கிடைக்கும். 8,901 பேர் மருந்து சாப்பிட்டதால் 37 மாரடைப்புகள் தவிர்க்கப்பட்டன. அப்படியானால் ஒரு மாரடைப்பைத் தவிர்க்க எத்தனை பேர் சாப்பிட வேண்டும்? வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 240 பேர், இரண்டு ஆண்டுகள். ஒருவருக்குப் பலன் கிடைக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவை என்பதைச் சொல்லும் எண் இது. எனக்கு மிகவும் பிடித்த எண்ணும் இதுதான். நூற்றுக்கு எத்தனை, ஆயிரத்துக்கு எத்தனை என்று மனிதத் தலைகளாகப் பேசும்போது யாருக்கும் புரியும்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கொழுப்பு மாத்திரையே வீண்" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதற்கு நேர் எதிரான பாடமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஒரு மருந்து அபாயத்தைக் கால்வாசி குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மட்டுமே மாரடைப்பு வரக்கூடிய ஒரு கூட்டத்துக்கு அதைக் கொடுத்தால், இரண்டில் கால்வாசி, அதாவது நூற்றுக்கு அரை ஆள். இருநூறு பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பலன். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள் போல, நூற்றுக்கு இருபது பேருக்கு வரக்கூடிய கூட்டத்துக்குக் கொடுத்தால் இருபதில் கால்வாசி ஐந்து. இருபது பேர் சாப்பிட்டால் ஒருவருக்குப் பலன். மருந்து அதே மருந்துதான். சதவீதமும் அதே கால்வாசிதான். மாறுவது முதல் மட்டும்தான். மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்துவதைப் பார்க்கும்போது மனம் பதறுவது இதனால்தான். அவர்களுடைய முதல் பெரியது.

உப்புக்கண்டமும் பதினெட்டு சதவீதமும்

வெயில் ஏறிய நாள்களில் செட்டிநாட்டு வீடுகளின் மொட்டை மாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டுக்கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசிறி, ஊசியால் நூலில் கோத்து, கம்புக்குக் கம்பு கட்டிக் காயவிடுவார்கள். காக்கைக்குக் காவலாக ஒரு பிள்ளையை உட்கார வைப்பதும் உண்டு. நான்கைந்து நாள் காய்ந்து மரத்துண்டுபோல ஆனபின் சாடியில் போட்டு வைத்தால், வேண்டும்போது இரண்டு துண்டு எடுத்து நல்லெண்ணெயில் பொரிக்கலாம்.

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பத்து நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தினார்கள். நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றார்கள். உப்பிட்டுப் பதப்படுத்துவதும் அவர்களுடைய வரையறைக்குள் வருகிறது. ஆக, உப்புக்கண்டமும் அந்தப் பட்டியலில் சேரும்.

மறுநாளே உலகம் முழுவதும் "புகையிலைக்கு இணையான இறைச்சி" என்று தலைப்புகள் வந்தன. இரண்டும் ஒரே வகையில் இருப்பது உண்மை. ஆனால் அந்த வகைப்பாடு சொல்வது, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அது சொல்வதில்லை. புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் புகைக்காதவரைப் போல 15 முதல் 30 மடங்கு. 18 சதவீதம் கூடுவது என்பது ஒன்றுக்கு 1.18 மடங்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலைக் கேட்போம். பிரிட்டனில் வாழ்நாளில் பெருங்குடல் புற்றுநோய் வருபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். ஆறில் 18 சதவீதம் என்பது ஒன்று. அதாவது, நூறு பேர் வாழ்நாள் முழுவதும் தினமும் 50 கிராம் உண்டால் ஆறு என்பது ஏழாகும். இந்தியாவில் இந்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட மிகவும் குறைவு. அதனால் கூடுதலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நாம் உப்புக்கண்டத்தைத் தினமும் உண்பதும் இல்லை.

இருந்தாலும் உப்புக்கண்டத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அது புற்றுநோய் பற்றியது அல்ல. உப்பு பற்றியது.

2021இல் சீனாவின் வட பகுதிக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. 600 கிராமங்கள், 20,995 பேர். எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைக் கடந்து ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களில் அவர்களுடைய வீட்டுச் சமையல் உப்பை மாற்றி, முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். மீதிக் கிராமங்கள் வழக்கம்போல. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கவனித்தபின், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது.

பதினான்கு! 54க்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். முதலைப் பாருங்கள். சாதாரண உப்பைச் சாப்பிட்ட ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் 33.65 பக்கவாதங்கள். மாற்று உப்பில் 29.14. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு நாலரை பக்கவாதம் குறைவு. ஐந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 22. அந்த 54 சதவீத மாத்திரையின் பலனையும் ஓராண்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஆயிரத்துக்கு இரண்டுதான். மாரடைப்பும் பக்கவாதமும் ஒன்றல்ல, இரண்டு ஆய்வுகளில் இருந்தவர்களும் வேறு வேறு நிலையினர் என்பதை மறக்கவில்லை. ஆனாலும், 14 சதவீதம் என்று சொல்லப்படும் ஒன்று 54 சதவீதம் என்று சொல்லப்படும் ஒன்றைவிட ஆயிரத்துக்கு இரு மடங்குப் பேரைக் காக்க முடியும் என்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு திடுக்கிடல் இருக்கும். அந்த ஆய்வில் இறப்பும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 44.61இலிருந்து 39.28 ஆகக் குறைந்தது.

அந்தக் கிராமங்களில் உடம்புக்குள் போகும் உப்பில் பெரும்பகுதி வீட்டுச் சமையலில் போடும் உப்புதான். நம் ஊரிலும் அப்படித்தான்: குழம்பு, ஊறுகாய், மோர்மிளகாய், வற்றல், அப்பளம். கடையில் வாங்கும் பொட்டலங்களில் உப்பு ஒளிந்திருக்கும் நாடுகளைவிட, அடுப்படியில் உப்புச் சாடியை மாற்றினால் பலன் கிடைக்கக்கூடிய இடம் நம்முடையது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சோடியம் குறைந்த மாற்று உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இந்த உப்பைத் தொடக் கூடாது. சீன ஆய்விலும் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை.

அமெரிக்காவில் 58, சென்னையில் 28.5

இந்தக் கணக்கின் அருமையை எனக்கு முழுதாக உணர்த்தியவை நீரிழிவுத் தடுப்பு ஆய்வுகள் இரண்டு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் பார்டரில் இருக்கிறது என்று சொல்லப்படுபவர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 15.3 சதவீதம் பேர் இந்தப் பார்டர் நிலையில். இவர்களில் நோய் வராமல் தடுக்க முடியுமா?

2002இல் அமெரிக்க ஆய்வு வெளியானது. 3,234 பேர். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் நீரிழிவை 58 சதவீதம் குறைத்தன. உலகமே கொண்டாடியது. 2006இல் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து இதே போன்ற ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்து, சர்க்கரையைத் தவிர்த்து, நாள்தோறும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்கச் சொன்னார்கள். குறைவு 28.5 சதவீதம். அமெரிக்க எண்ணில் பாதி.

"நம் உடம்புக்கு நடை அவ்வளவாக ஒத்துவரவில்லை போலும்" என்று தோன்றுகிறதல்லவா? முதலைக் கேளுங்கள். அமெரிக்காவில் இந்தப் பயிற்சி பெறாத குழுவில் மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர். சென்னையில் நூற்றுக்கு 55 பேர். நூற்றுக்கு ஐம்பத்தைந்து! இரண்டு முறை பரிசோதித்து உறுதியானவர்களையே சென்னையில் சேர்த்தார்கள் என்பது ஒரு காரணம்; தெற்காசியர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் முற்றுவது இன்னொரு காரணம். நடந்தவர்களிடம் 55 என்பது 39.3 ஆனது. அதாவது நூற்றுக்கு 15.7 பேர் தப்பினார்கள். அமெரிக்காவில் 28.9 என்பது 14.4 ஆனது, தப்பியவர்கள் நூற்றுக்கு 14.5. (இது சரிபாதிதானே என்று கேட்கலாம்; 58 என்பது ஆண்டுக்கு எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற வேகத்தை வைத்துக் கணக்கிட்டது.) ஒருவரைக் காக்க எத்தனை பேர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்? அமெரிக்காவில் 6.9 பேர். சென்னையில் 6.4 பேர்.

பாதி போலத் தெரிந்தது சரிசமமாகிவிட்டது; சொல்லப்போனால் ஒரு மயிரிழை மேலே. இன்னொன்றும் கவனியுங்கள். சென்னை ஆய்வில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவரைக் காக்க 6.9 பேர் தேவைப்பட்டார்கள். நடையும் மாத்திரையும் இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 6.5. சேர்த்துச் செய்ததால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

மாலையில் ஊருணிக் கரையைச் சுற்றி நடக்கும் ஏழு பேரைப் பார்டர் நிலையில் உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகள் அவர்கள் விடாமல் நடந்து, உணவிலும் கவனமாக இருந்தால், அவர்களில் ஒருவர் அந்த ஒழுங்கால் மட்டுமே நீரிழிவுக்குத் தப்புவார். யார் அந்த ஒருவர் என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவத்தில் ஏழுக்கு ஒன்று என்பது மிகப் பெரிய வெற்றி. கவுனி அரிசி உண்டால் சர்க்கரை வராது என்ற நம்பிக்கையில் இருப்பவர்களுக்கும் இந்த எண்ணையே சொல்வேன். தவிடு நீக்காத அரிசி வெள்ளை அரிசியைவிட நல்லதுதான். ஆனால் நம் வீட்டில் செய்யும் கவுனி இனிப்பில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்கிறது. ஏழுக்கு ஒன்று என்று ஆய்ந்து நிறுவப்பட்ட வழி கரையோரம் செலவில்லாமல் கிடக்கிறது.

எண் சிறிதாக இருந்தால் மட்டும் போதுமா

போதாது. 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளில் வசிக்கும் 10,345 பேரைக் கவனித்தார்கள். சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டாருக்கென உணவு தரப்படாத வீடுகளில் நூற்றுக்கு 2.6 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற வீடுகளில் 1.7 பேருக்கு. எல்லாக் கூறுகளையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது 39 சதவீதக் குறைவு. ஒரு காசநோயைத் தடுக்க 111 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும்; அதாவது ஏறத்தாழ 30 வீடுகள்.

ஏழுக்கு ஒன்று எங்கே, நூற்றுப் பதினொன்றுக்கு ஒன்று எங்கே என்று இதைத் தள்ளிவிடலாமா? மீதி 110 பேருக்கும் இந்த "மருந்து" தந்தது வயிறு நிறைந்த சோறு. பக்கவிளைவு இல்லை. தடுக்கப்படுவது இன்னும் பலருக்குத் தொற்றக்கூடிய, உயிரைக் குடிக்கும் ஒரு நோய். என் மனதுக்கு, அண்மை ஆண்டுகளில் வந்த இந்திய ஆய்வுகளில் இதைவிட முக்கியமானது வேறு இல்லை. எத்தனை பேருக்கு ஒருவர் என்ற எண்ணை, எதைக் கொடுத்து எதைத் தடுக்கிறோம் என்பதோடு சேர்த்தே எடை போட வேண்டும்.

எடை போடும்போது தீமையையும் அதே அலகில் சொல்ல வேண்டும். நன்மையை "கால்வாசி குறையும்" என்று ஒப்பீட்டில் சொல்லிவிட்டு, பக்கவிளைவை "நூற்றில் ஒருவருக்கு" என்று நேரடியாகச் சொன்னால், முன்னது மலையாகவும் பின்னது கடுகாகவும் தெரியும். விளம்பரங்களில் இது வாடிக்கை. மருத்துவ ஆய்வறிக்கைகள் எழுதுவதற்கான கான்சார்ட் என்ற நெறிமுறை, அதன் 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, இரண்டு வகை எண்களையும் தருமாறு பரிந்துரைக்கிறது. அப்படியும் தலைப்புக்கு வருவது ஒன்றுதான்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில். வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிப் பூட்டிய அறைகள். 76 வயது ஆச்சி மட்டும் இரண்டாங்கட்டில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். மேல் எண் 138.

"டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்கிறார், ஆச்சி. 120க்குக் கீழே கொண்டுவந்தால் இதய நோய் கால்வாசி குறையுமாம்."

"குறையட்டும், ஆத்தா. என்னைப் போல ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்கு வராமல் இருக்கும்? எத்தனை பேருக்குத் தலை சுற்றும்? அதைக் கேட்டுச் சொல்."

ஆச்சியின் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில் நீரிழிவு இல்லாத, பக்கவாதம் வந்திராத, ஆனால் இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்த 9,361 பேர் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கு 120க்குக் கீழே, இன்னொரு குழுவுக்கு 140க்குக் கீழே. மூன்றேகால் ஆண்டுகளில் ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால், தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 16 குறைவு. இறப்பு 12 குறைவு. மறுபக்கம், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது 10 பேருக்குக் கூடுதல். மயக்கம் 6 பேருக்குக் கூடுதல். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது 16 பேருக்குக் கூடுதல், அவர்களில் பெரும்பாலானோருக்குப் பின்னர் சரியானது. கீழே விழுந்து காயமடைந்தது இரு குழுவிலும் ஒரே அளவு.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆச்சி என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் தனியாக எழுந்து வளவைக் கடந்து போகும் ஒருவருக்கு மயக்கம் என்பதன் பொருள் வேறு. கூட்டுக் குடும்பத்தில் இருப்பவருக்கு வேறு. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தமக்கையைப் பார்த்தவருக்கு அந்த 16 மிகப் பெரிதாகத் தெரியலாம். கால்வாசி என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இப்படி எதையும் நிறுத்துப் பார்க்க முடியாது. அவருக்கு இரு தட்டுகளையும் காட்டுவது நம் கடமை.

தீமையைப் பற்றிய ஒப்பீட்டு எண் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு விலை கொடுத்தது. 1995 அக்டோபரில் அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. இரு மடங்கு என்றதும் பெண்கள் அஞ்சினார்கள்; பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். முதல் என்ன தெரியுமா? பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு. புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரைகளைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேதனை இரட்டிப்பாகும்.

நேரடி எண்ணும் எல்லா இடத்திலும் நியாயம் பேசிவிடாது. 2020 இறுதியில் ஃபைசர் கோவிட் தடுப்பூசி ஆய்வில், தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கும், போடாதவர்களில் 162 பேருக்கும் நோய் வந்தது. ஒப்பீட்டில் 95 சதவீதப் பாதுகாப்பு. ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ பதினெட்டாயிரம் பேர் இருந்ததால், நேரடிக் குறைவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதைப் பிடித்துக்கொண்டு "தடுப்பூசியின் பலன் ஒரு சதவீதம்கூட இல்லை" என்று பரப்பியவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். அந்த எண் இரண்டு மூன்று மாதக் கவனிப்பில் கிடைத்தது. தொற்று அலை எழுந்து பாதி ஊருக்குப் பரவும்போது முதல் பலமடங்கு ஏறும். தப்புபவர்களும் அந்த அளவுக்கு ஏறுவார்கள். எத்தனை காலத்தில் என்று கேட்காமல் நேரடி எண்ணை மட்டும் சொல்வதும் ஏமாற்று வேலைதான்.

சரி, தன்னுடைய முதல் எவ்வளவு என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் அது எளிது. உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணைகளை 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. இந்தியா தெற்காசிய வட்டாரத்தில் வருகிறது. ஆணா பெண்ணா, வயது என்ன, புகைப்பவரா, ரத்த அழுத்தத்தின் மேல் எண் என்ன, நீரிழிவு உண்டா, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துக் கட்டத்தைத் தேடினால், அடுத்த பத்து ஆண்டுகளில் அவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்ற எண் அதில் இருக்கும். ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களுக்காக, நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் பதிலாக உயரத்தையும் எடையையும் வைத்துப் பார்க்கும் இன்னொரு அட்டவணையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது, அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. எந்தக் கட்டத்தையும் தேடாமலேயே அவர்கள் அதிக அபாயம் உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாதவர்கள்.